பழசு எங்கே என்று கேட்கும் கடை

வேலூரில் பழைய ஜீப்புக்கு சாமான் விற்கும் ஒரு கடையைப் பற்றித்தான் இது. கடையின் பெயரைப் போடவில்லை, கடைக்காரரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "போன் அடிச்சி அடிச்சி உசுர எடுப்பானுங்க தம்பி, வேணும்ங்கறவன் தேடிகினு வரட்டும்" என்றார். கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். போர்டு இருக்கிறது, ஆனால் எழுத்து போய் வெறும் துரு மட்டும் மிச்சம். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார். நானும் எல்லோரையும் போல அவரை பாய் என்றே கூப்பிடுகிறேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். அப்பாவின் 1969 மஹிந்திரா எஃப்சி 150 பிக்கப். பானெட் கிடையாது, மூக்கை அறுத்துவிட்ட ஜீப் மாதிரி இருக்கும், டிரைவர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார், எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு தகரப் பெட்டிக்குள். மே மாதத்தில் ஆற்காட்டிலிருந்து கலவை போய்த் திரும்பினால் அப்பாவின் இடது முழங்கால் வெந்துபோயிருக்கும். ஜீப் செய்த வில்லிஸ் கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவில் 1956 கடைசியில் கொண்டுவந்த வண்டி இது. அங்கே 1965 வாக்கில் நின்றுபோன பிறகும் இங்கே மஹிந்திராவில் செய்துகொண்டிருந்தார்கள். திமிரி, கலவை பக்கத்திலிருந்து மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை ஏற்றி ஆற்காடு மண்டியில் இறக்குவதுதான் அதற்கு வேலை. எண்பதுகளில் பெட்ரோல் விலை கட்டுப்படியாகாமல் அப்பா ஒரு டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் எல்லா ஜீப்காரர்களும் செய்ததுதான். நல்லவேளை, பழைய ஹரிகேன் பெட்ரோல் எஞ்சினை விற்கவில்லை, கோணி போட்டு மூடி கிடங்கில் வைத்திருந்தார். எஞ்சின் பிழைத்தது. ஆனால் அதைச் சுற்றி இருந்த குழாய், கம்பி, பிராக்கெட், லிங்க் எல்லாம் எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ தெரியாது.

இப்போது அதே பெட்ரோல் எஞ்சினைத் திரும்ப வைத்து வண்டியை முதலில் இருந்த மாதிரியே செய்ய ஆசை. ஆசை மட்டும் இல்லை. 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், 'விஏ' என்று தனி எண் வரிசை, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் எஞ்சினோடு போய் நின்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். சரி, இறங்கியாச்சு.

இறங்கின பிறகுதான் தெரிந்தது, ஸ்பேர் கடையில் போய் 'ஜீப்' என்று சொன்னால் எடுத்துக் கொடுப்பது பின்னால் வந்த டீசல் ஜீப்புக்கான சாமான். பெட்ரோல் ஜீப் என்று அழுத்திச் சொன்னால் கடைப் பையன் முதலாளியைப் பார்ப்பான், முதலாளி கூரையைப் பார்ப்பார். ஆன்லைனில் இன்னும் மோசம். 'எல்லா ஜீப்புக்கும் பொருந்தும்' என்று ஒரே வரி. எல்லா ஜீப்புக்கும் பொருந்தும் சாமான் ஒன்று உண்டென்றால் அது பின்னால் ஒட்டுகிற ஸ்டிக்கர்தான். அப்படி ஒரு வரியை நம்பி வடக்கே ஒரு விற்பனையாளரிடம் வீல் சிலிண்டர் கிட் (பிரேக் போட்டால் சக்கரத்துக் கட்டையைத் தள்ளுகிற சிலிண்டருக்குள் போடும் ரப்பர்கள்), ஹப் சீல், பேக்கிங் செட் என்று நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். அதில் வண்டியில் ஏறியது ஒரே ஒரு பேக்கிங். திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு என் தலையில் என்றார்கள், வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் பாய் கடைக்குப் போனேன். உள்ளே போக இடமில்லை, தெருவில் நின்றபடிதான் வியாபாரம். கல்லாவுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரைக்கும் பிஸ்கட் டின், ஹார்லிக்ஸ் பாட்டில், மரப்பெட்டி, எதன் மேலும் எழுத்து கிடையாது. வீல் சிலிண்டர் கிட் வேண்டும் என்றேன்.

"பழசு எங்கே?"

போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். "படத்துக்குப் படம்தான் தர முடியும் தம்பி. பழச எடுத்தா."

ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் இருபத்தைந்து கிலோமீட்டர். அன்றைக்கு அவரைத் திட்டிக்கொண்டே திரும்பினேன் என்பதை மறைக்கவில்லை. மறுநாள் முன் இடது பக்கத்து சிலிண்டரைக் கழற்றி எடுத்துப்போனேன். வாங்கினார், உள்ளே இருந்த ரப்பரையெல்லாம் எடுத்துத் தூரப் போட்டார், மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்து, வெர்னியர் என்கிற அளவுக் கருவியின் மேல் கொம்பை உள்ளே விட்டுத் திறந்தார். 25.4. "ஒரு இன்ச்." நான் ஆன்லைனில் வாங்கியிருந்த கிட்டின் ரப்பர் கப்பைப் பக்கத்தில் வைத்தார், அதன் முதுகில் புடைப்பாக 7/8 என்று இருந்தது, அதாவது 22.2 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது, ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தால்தானே தெரியும்! இதைப் போட்டு பெடலை மிதித்திருந்தால் ஆயில் அத்தனையும் டிரம்முக்குள் போயிருக்கும்.

கிட்டை எடுத்துக் கொடுப்பார் என்று பார்த்தேன், கொடுக்கவில்லை. "வலது பக்கத்தது எங்கே?" என்றார். ஒரே வண்டி, ஒரே ஆக்சில், அதுவும் இதுதானே பாய் என்றேன். "நீ பார்த்தியா?"

பார்க்கவில்லை. மறுபடி இருபத்தைந்து கிலோமீட்டர். வலது பக்கத்து சிலிண்டரை வீட்டிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, கடையில் வெர்னியர் வைத்ததும் உறுதியானது: 28.6, அதாவது ஒன்றே அரைக்கால் என்று மல்லுக்கட்டாமல் சொன்னால் 1 1/8 இன்ச். எப்போதோ எந்தப் பட்டறையிலோ எவனோ கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறான். பெரிய சிலிண்டர் இருக்கிற பக்கம் கட்டையைத் தள்ளும் பலம் அதிகம், அந்தப் பக்கம் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா இந்த வண்டியில் பிரேக் போட்டால் வலது பக்கம் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டயர் மாற்றினார், அலைன்மென்ட் பார்த்தார், கட்டைப் பட்டியைத் தேய்த்துப் பார்த்தார், கடைசியில் ரோடே அப்படித்தான் என்று சமாதானம் ஆகிவிட்டார். அன்றைக்கு ராத்திரி இரண்டு சிலிண்டரையும் திண்ணையில் அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "நான் சொன்னா எவன் கேட்டான்" என்றார்.

இந்தக் கடைக்கு நான் மார்க் போடுவதே இதற்காகத்தான். பழசைக் கொண்டு வா என்று நிறைய கடைக்காரர்கள் சொல்வார்கள். பழசையும் நம்பாமல் அளக்கிறவர் இவர் ஒருவர்தான் எனக்குத் தெரிந்து. ஐம்பது வருஷம் ஓடிய வண்டியில் இருக்கிற சாமான் எல்லாம் கம்பெனி போட்டது என்று நினைப்பது நம் தப்பு. பஞ்சர் கடைக்காரர் முதல் கிளீனர் பையன் வரை ஆளாளுக்குக் கை வைத்திருப்பார்கள். பாயிடம் எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய பார்ட்ஸ் புத்தகம் ஒன்று இருக்கிறது, அட்டை இல்லை, சந்தேகம் வந்தால் அதை எடுப்பார், நமக்குக் காட்ட மாட்டார்.

நட்டு போல்ட்டிலும் இதே கதைதான். இந்த ஜீப் முழுக்க இன்ச் மரை, பெரும்பாலும் யுஎன்எஃப் என்கிற பொடி மரை. இப்போது எந்தக் கடையில் கேட்டாலும் மில்லிமீட்டர் மரைதான் முதலில் வரும். 5/16 போல்ட் 7.94 மில்லிமீட்டர், எம்8 போல்ட் 8 மில்லிமீட்டர், கையில் வைத்துப் பார்த்தால் யாராலும் பிரிக்க முடியாது. நட்டை ஏற்றினால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று இனிமையாகப் போகும், அப்புறம் இறுகும், நாம் ஸ்பானரை எடுத்து முடுக்குவோம், மரை போச்சு. பாய் கல்லாவில் ஒரு மரை கேஜ் வைத்திருக்கிறார், சீப்பு மாதிரி தகடுகள், போல்ட்டில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். இரண்டு ரூபாய் வாஷர் வாங்கினாலும் இந்தச் சடங்கு உண்டு. பின்னால் நாலு பேர் நின்றாலும் அவசரப்பட மாட்டார், பின்னால் நிற்கிறவனாக நான் இருந்த நாட்களில் எரிச்சலாகத்தான் இருந்தது.

இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும் மரை என்பதும் இவர் சொல்லித்தான் தெரியும். ஆனால் எனக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, கிளீனர் பக்கச் சக்கரத்தைக் கழற்றப் போன ஒரு பஞ்சர் கடைப் பையன், நட்டு வரவில்லை என்று ஸ்பானரில் நாலடிக் குழாயைச் சொருகி ஏறி மிதித்து, நட்டு ஏறுகிற ஸ்டட் இரண்டை முறித்துவிட்டான். கழற்றுவதாக நினைத்து முடுக்கியிருக்கிறான், பாவம், இந்தக் காலத்துப் பையனுக்கு எப்படித் தெரியும். ஸ்டட்டின் தலையில் 'எல்' என்று பொறித்திருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். பாயிடம் இடது மரை ஸ்டட் ஐந்து இருந்தது, ஐந்தையும் வாங்கிக்கொண்டேன். அடுத்து வருபவர்கள் மன்னிக்கவும்.

அவர் நேர்மைக்கு ஒரு உதாரணம். முன் ஹப் பேரிங் கேட்டேன். பழைய பேரிங்கைத் துடைத்தார், உள் கோனில் 18590, வெளி வளையத்தில் 18520. "இதுக்கு நான் எதுக்கு? நம்பர் இருக்குதுல்ல. பேரிங் கடைக்குப் போ, இந்த நம்பரைச் சொல்லு, உலகம் பூரா ஒரே அளவுதான். என்கிட்ட வாங்கினா கூட ஆகும்." அப்படியே போய் பத்து நிமிஷத்தில் வாங்கினேன். ஆயில் சீலும் அப்படித்தான், உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றும் தெரிந்தால் போதும், அதில் ஜீப் என்ற வார்த்தையே சொல்ல வேண்டியதில்லை.

எண் இல்லாத சாமானில்தான் பாடு. என் வண்டி நாலு சக்கரமும் இழுக்கிற வகை. முன் ஆக்சிலில் சக்கரம் திரும்பும் இடத்தில் தேங்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டை இருக்கும், அதை ஒட்டி உரசிக்கொண்டே இருக்க ஒரு ஃபெல்ட் வளையம். என்னுடையதில் அது மக்கிப் பஞ்சாகி கிரீஸ் எல்லாம் வெளியே. ரெடிமேடாகக் கிடைப்பது வெறும் அட்டை, ஒரு மழைக்குத் தாங்காது என்று பாய் அதை விற்பதையே நிறுத்திவிட்டார். பிறகு யோசித்துச் சொன்னார், "நம்ம ஊர்ல ஃபெல்ட்டுக்கா பஞ்சம்? டேனரிக்கு சப்ளை பண்றவங்ககிட்ட கேளு." ஈரத் தோலை உருளைகளுக்கு நடுவே விட்டுத் தண்ணீர் பிழிகிற சாமியிங் மெஷினில் கெட்டியான ஃபெல்ட் உறை போடுவார்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முழுக்க அது ஓடுகிறது. "ஓடின ஃபெல்ட் வாங்காதே, கெமிக்கல் குடிச்சிருக்கும், இரும்பத் தின்னுடும். புதுசுல வெட்டி மிச்சமான துண்டு கேளு" என்றும் சேர்த்துச் சொன்னார். ராணிப்பேட்டையில் கிடைத்தது. பழைய வளையத்தின் இரும்புத் தகட்டை அச்சாக வைத்து வெட்டி, எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு மாட்டினேன். மூன்று மாதமாகச் சொட்டு கசியவில்லை. இதில் பாய்க்கு ஒரு பைசா வருமானம் கிடையாது.

எலக்ட்ரிக் சாமான் மட்டும் விலை அதிகம், பேரமும் கிடையாது. பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, அதற்குள் சுற்றுகிற ரோட்டார் வேறு கடையில் எண்பது ரூபாய்க்கு வாங்கிப் போட்டு, வண்டி ஸ்டார்ட் ஆகி, தும்மி, நின்றது. பாய் அறுநூற்று ஐம்பது கேட்டார், பழைய ஸ்டாக், மஞ்சளேறிய அட்டைப்பெட்டியில். என்ன பாய் இது அநியாயம் என்றதற்கு பதில் பேசவில்லை. கல்லாவுக்குக் கீழே ஒரு பேட்டரியும் காயிலும் வைத்திருக்கிறார், என்னுடைய எண்பது ரூபாய் ரோட்டாரை ஒரு கம்பியில் கவிழ்த்து மாட்டி, காயில் ஒயரை அதன் பித்தளைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் சர்க்யூட்டைத் தட்டிவிட்டார். பட் என்று நீலமாக ஒரு பொறி தகட்டுக்குப் பாய்ந்தது. பாயவே கூடாது, தகட்டைப் பிடித்திருக்கிற ரிவெட் வழியாகக் கரண்ட் கீழே தண்டுக்கு இறங்குகிறது, அதனால்தான் பிளக்குக்குப் போவதில்லை. பழைய ஸ்டாக்கை மாட்டித் தட்டினார், ஒன்றுமில்லை. அறுநூற்று ஐம்பதை எண்ணி வைத்தேன். கண்டென்சரும் அங்கேயே வாங்கினேன், எஃப்சி வண்டியில் எஞ்சின் பெட்டிக்குள் இருக்கிற சூட்டுக்கு மலிவு கண்டென்சர் அரை மணி நேரம் கூட நிற்காது, காலையில் ஒழுங்காக எழுந்து நடு ரோட்டில் படுத்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. ரேடியேட்டர் ஹோஸ் கேட்டபோது பாய் கொடுத்தது சாதாரண பானெட் ஜீப்புக்கானது. எஞ்சின் இரண்டுக்கும் ஒன்றுதான், 134 கன இன்ச் ஹரிகேன், அதனால் ஹோஸும் ஒன்றுதான் என்று அவரே ஏமாந்துவிட்டார். எஃப்சியில் ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கும் இடமே வேறு, வளைவு ஒத்துவரவில்லை. பழசு இல்லாததால் அளக்காமல் கொடுத்த ஒரே சாமான் அது, தப்பாகப் போனதும் அது ஒன்றுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ராணிப்பேட்டையில் பெல் கம்பெனிக்கு ஜாப் வொர்க் செய்கிற ஒரு லேத்தில் குழாய் கடைந்து, இரண்டு நேர் ஹோஸ் போட்டுச் சமாளித்தேன். மற்றபடி கடையில் உட்கார இடமில்லை, வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மூடினால் எப்போது திறப்பார் என்று சொல்ல முடியாது, மகன் ஒட்டிவைத்த க்யூஆர் அட்டை இருந்தாலும் ரொக்கம் கொடுத்தால்தான் முகம் மலரும், எலக்ட்ரிக் சாமான் திரும்ப எடுக்க மாட்டார். ஜீப்பில் பெரிய டயரும் கலர் லைட்டும் மாட்டுகிறவர்கள் போனால் பேச்சே கிடையாது, இல்லை என்று ஒரே வார்த்தை.

சென்னை புதுப்பேட்டையும் போய் வந்தேன். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல். கதவு, லைட் வளையம், பம்பர் மாதிரி தகரச் சாமான் என்றால் அங்கே போகலாம், கண்ணால் பார்த்து எடுக்கலாம், காலையிலேயே போய்விடுங்கள். பெங்களூர் ஜேசி ரோட்டில் நிறைய கிடைக்கிறது, ஆனால் என்ன வேண்டும் என்று நமக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும், அளந்து சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.

இப்போது மிச்சம் இருப்பது ஆக்சிலரேட்டர் லிங்க். பெடல் முன்னால், கார்புரேட்டர் பின்னால், நடுவில் இரண்டு மூன்று கம்பியும் மூட்டும் இருக்க வேண்டும், டீசல் எஞ்சின் வைத்தபோது கழற்றி எறிந்துவிட்டார்கள். போன வாரம் போய்க் கேட்டேன். "பழசு எங்கே?" என்றார் வழக்கம்போல. இல்லை பாய் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார், பிறகு பழைய டைரி ஒன்றைப் புரட்டி ஒரு நம்பரைச் சீட்டில் எழுதினார். குடியாத்தம் பக்கத்தில் ஒரு தோப்பில் இதே எஃப்சி ஒன்று எஞ்சின் மாற்றாமல் நிற்கிறதாம், சொந்தக்காரர் விற்க மாட்டார், ஆனால் பார்க்க விடுவார்.

"கழட்டாதே, கை வைக்காதே. அளந்துகினு வா, செஞ்சிக்கலாம்."

வெர்னியர் ஒன்று நானே வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், அப்பாவும் வருகிறேன் என்கிறார்.